தகுதியும் தருணமும்: பிராஞ்ச் ரிக்கியின் வாழ்வு உணர்த்தும் பாடம்

ஓர் இளைஞனிடம் திறமை இருக்கின்றதா என்பது ஒரு கேள்வி. அத்திறமையை மேலிடத்தில் வைத்துச் சோதிக்கும் தருணம் வந்துவிட்டதா என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதாலேயே விளையாட்டு மைதானங்களில் மட்டுமன்றி, அலுவலகங்களிலும் கல்விக்கூடங்களிலும் கூட பலரது எதிர்காலம் பாழாகின்றது. பக்குவப்படாதவர் அவசரமாக மேலேற்றப்பட்டு உடைந்துபோகின்றார். பக்குவப்பட்டவரோ காத்திருந்தே களைத்துப்போகின்றார். இவ்விரு கேள்விகளுக்கும் தனித்தனியே விடை தேடுவதைத் தமது வாழ்நாள் தொழிலாகக் கொண்டிருந்தவர் அமெரிக்க பேஸ்போல் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி. 1965 ஆம் ஆண்டு மறைந்த அவரது வாழ்வை, பேஸ்போல் விளையாட்டோடு அதிகம் பரிச்சயமற்ற எமது வாசகர்களும் அறிந்திருப்பது பயனுடையது என நாம் கருதுகின்றோம்.

அமெரிக்காவில் இளம் வீரர் ஒருவர் ஒப்பந்தமான மறுநாளே மேஜர் லீக் எனப்படும் உச்சநிலைப் போட்டிகளில் ஆடிவிடுவது மிக அரிது. மைனர் லீக் எனப்படும் கீழ்நிலைப் போட்டிகளில் படிப்படியாக ஏறியே அவர் மேலே வரவேண்டும். தற்போது 30 மேஜர் லீக் கழகங்கள் ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகளில் நான்கு அணிகள் என 120 அணிகள் உள்ளன. யாரை எந்தப் படியில் வைப்பது, எப்போது அடுத்த படிக்கு உயர்த்துவது என்பதே கழகங்களின் அன்றாடக் கவலையாகும். இந்த ஏணியை ஓர் ஒழுங்கான அமைப்பாக உருவாக்கியவர் ரிக்கியே.

1881 ஆம் ஆண்டு டிசம்பர் 20 ஆம் திகதி ஒஹையோ மாநிலத்தின் கிராமப்புறத்தில், பக்தி மிகுந்த மெதடிஸ்த குடும்பமொன்றில் ரிக்கி பிறந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவதில்லை எனத் தாய்க்கு அளித்த வாக்கை அவர் தமது ஆட்டக்காலம் முழுவதும் காப்பாற்றினார். வீரர் என்ற வகையில் அவர் சோபிக்கவில்லை. 1907 ஆம் ஆண்டு தோள் பாதிக்கப்பட்ட நிலையில் அவர் நியூயோர்க் அணிக்குப் பந்து காத்த ஓர் ஆட்டத்தில், எதிரணியினர் 13 தடவைகள் தளங்களைத் திருடினர். காசநோயிலிருந்து மீண்டபின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற அவர், அங்கேயே அணியின் பயிற்றுவிப்பாளராகவும் பணியாற்றினார். தாம் பெரிய வீரராக முடியாதென்பதை அறிந்துகொண்ட மனிதர், பெரிய வீரர்களை இனங்காணும் கண்ணைப் பெற்றுக்கொண்டார் எனலாம்.

அந்தக் கண்ணில் முதலில் பட்டவர்களுள் ஒருவர் மிச்சிகனில் அவரிடம் பயின்ற ஜோர்ஜ் சிஸ்லர். பந்துவீச்சாளராக வந்த அந்த மாணவரிடம் பெரும் துடுப்பாட்ட வீரர் ஒருவரை ரிக்கி கண்டார். மைனர் லீக்கில் ஒரு நாளேனும் கழிக்காமல் 1915 இல் நேரடியாக மேலே வந்த சிஸ்லர், 1920 ஆம் ஆண்டுப் பருவகாலத்தில் 257 வெற்றிகர அடிகளைப் பெற்றார். அச்சாதனை 2004 ஆம் ஆண்டு வரை நிலைத்திருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு காத்திருப்பு என்ற விதி ரிக்கியிடம் ஒருபோதும் இருக்கவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

சென்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்தை 1917 முதல் வழிநடத்தத் தொடங்கியபோது அவர் எதிர்கொண்ட பெரும் பிரச்சினை வறுமை. கீழ்நிலை அணியொன்றில் நல்ல வீரரை அவர் கண்டுபிடித்தால், பணக்காரக் கழகங்கள் அதிக விலை கொடுத்து அவ்வீரரைக் கொண்டுபோயின. வாங்க முடியாதவர் விளைவிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்த ரிக்கி, 1920 ஐ அண்டிய ஆண்டுகளில் ஹூஸ்டன், போர்ட் ஸ்மித், சிரகியூஸ் ஆகிய கீழ்நிலைக் கழகங்களின் பங்குகளை ஒவ்வொன்றாக வாங்கினார். பண்ணை முறை என அழைக்கப்பட்ட இந்த ஏற்பாட்டின் கீழ், 1930 களின் இறுதியில் முப்பதுக்கும் மேற்பட்ட அணிகளும் அறுநூறுக்கும் மேற்பட்ட வீரர்களும் கார்டினல்ஸின் ஆளுகையில் இருந்தனர். 1926, 1931, 1934, 1942 ஆகிய ஆண்டுகளில் அக்கழகம் உலகத்தொடர் கிண்ணத்தை வென்றது.

இளைஞர்களை அவர் மதிப்பிட்ட முறையிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் எறிவது, பின்னர் ஓடுவது, இறுதியாக அடிப்பது என்ற வரிசையில் அவர்களைப் பார்த்தார். கையின் பலத்தையும் கால்களின் வேகத்தையும் ஒரு காலைப்பொழுதிலேயே அளந்துவிடலாம். அடிக்கும் ஆற்றலோ எதிரில் நிற்கும் பந்துவீச்சாளரின் தரம் உயர உயரவே உண்மை நிறத்தைக் காட்டும். எனவே முதலிரண்டும் தெரிவுக்கும், மூன்றாவது தரமுயர்வுக்கும் பிரதான அளவுகோல்களாயின. கீழ்ப்படியில் பெற்ற எண்ணிக்கையைக் கண்டு மயங்காமல், எந்தப் படியில், யாருக்கெதிராக, எத்தகைய உடற்பாங்கோடு அது பெறப்பட்டது எனக் கேட்பதே அவரது வழக்கம்.

ஸ்டான் மியூசியலின் கதை இதற்குத் தக்க சான்று. பந்துவீச்சாளராக ஒப்பந்தமான அவ்விளைஞர் 1940 இல் மைனர் லீக் ஆட்டமொன்றில் வீழ்ந்து தோளைக் காயப்படுத்திக்கொண்டார். வேறொரு அமைப்பில் அவரது கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பல படிகளைக் கொண்ட ஏணி இருந்தமையால், 1941 இல் கீழ்ப்படி அணியொன்றில் அவர் துடுப்பாட்ட வீரராக மீண்டும் தொடங்க முடிந்தது. அங்கிருந்து மேற்படிக்குச் சென்று, அதே ஆண்டு செப்டெம்பரில் மேஜர் லீக்கில் 12 ஆட்டங்களில் .426 என்ற சராசரியைப் பெற்றார். பின்னர் அவ்விளையாட்டின் மாமேதைகளுள் ஒருவராகப் போற்றப்பட்டார்.

எனினும் இந்த ஏணிக்கு இருண்ட பக்கமும் இருந்தது. வீரரைக் கழகத்தோடு பிணைத்து வைத்த அக்கால விதிகளின்படி, மேலே இடமில்லாத திறமைசாலி வேறெங்கும் செல்லவும் இயலாது. பிற கழகங்களில் நட்சத்திரங்களாகியிருக்கக்கூடியவர்கள் கீழ்ப்படிகளில் முடங்கிக் கிடந்தனர். 1938 ஆம் ஆண்டு பேஸ்போல் ஆணையாளர் லாண்டிஸ், கார்டினல்ஸ் பிடியிலிருந்த எழுபதுக்கும் மேற்பட்ட வீரர்களை விடுவித்தார். வீரர்களுக்குக் குறைந்த சம்பளம் வழங்கிய ரிக்கி, அவர்களை விற்ற பணத்தில் தாமும் பங்கு பெற்றார் என்பதையும் மறைப்பதற்கில்லை. காந்தியடிகளைப் பற்றிய நூலொன்றின் விவரணையைப் படித்த நியூயோர்க் பத்திரிகையாளர் ஒருவர் ரிக்கிக்கு 'மகாத்மா' எனப் பெயர் சூட்டினார். துறவியும் தந்திரம் மிக்க அரசியல்வாதியும் ஒருவருக்குள் கலந்திருக்கின்றனர் என்பதே அப்பெயரின் உட்பொருள். அதில் பாதி மரியாதையும் பாதி கேலியும் இருந்தன.

1942 இன் இறுதியில் புரூக்ளின் டொட்ஜர்ஸ் கழகத்துக்கு மாறிய ரிக்கி, அங்குதான் தமது வாழ்வின் மிகப் பெரிய மதிப்பீட்டைச் செய்தார். 1880 களின் பின்னர் மேஜர் லீக்கில் கறுப்பின வீரர் எவரும் ஆட அனுமதிக்கப்படவில்லை. எழுதப்படாத அந்தத் தடையின் காரணமாகக் கறுப்பின வீரர்கள் தமக்கெனத் தனி லீக்குகளில் ஆடினர். 1945 ஓகஸ்ட் 28 ஆம் திகதி ஜக்கி ரொபின்சனைத் தமது அலுவலகத்துக்கு அழைத்த ரிக்கி, சுமார் மூன்று மணித்தியாலங்கள் அவரோடு உரையாடினார். ரொபின்சனுக்கு அப்போது வயது 26. பல்கலைக்கழகத்தில் நான்கு விளையாட்டுக்களில் பிரகாசித்தவர். இராணுவத்தில் லெப்டினனாகப் பணியாற்றியவர். பேருந்தின் பின்புறம் செல்ல மறுத்தமையைத் தொடர்ந்து 1944 இல் இராணுவ நீதிமன்றில் நிறுத்தப்பட்டு விடுதலையானவர். அவரது ஆட்டத்திறனில் ரிக்கிக்குச் சந்தேகமில்லை. வசைகளையும் அவமதிப்புக்களையும் திருப்பித் தாக்காமல் தாங்கும் வலிமை உண்டா என்பதையே அவர் துருவித் துருவி ஆராய்ந்தார்.

அதன் பின்னரும் ரொபின்சன் நேரே புரூக்ளினுக்கு வரவில்லை. 1946 இல் கனடாவின் மொன்றியல் நகரிலிருந்த டொட்ஜர்ஸின் உயர்நிலை மைனர் அணிக்கு அனுப்பப்பட்டார். ஏப்ரல் 18 ஆம் திகதி நடைபெற்ற முதல் ஆட்டத்திலேயே ஐந்து வாய்ப்புக்களில் நான்கு வெற்றிகர அடிகளைப் பெற்றார். பருவகால முடிவில் .349 என்ற சராசரியுடன் அந்த லீக்கின் முதல்நிலைத் துடுப்பாட்ட வீரரானார். தெற்கு மாநிலமான மிசிசிப்பியைச் சேர்ந்த அணி முகாமையாளர், தொடக்கத்தில் கறுப்பின வீரரைத் தமது அணியில் சேர்க்க வேண்டாமெனக் கெஞ்சியவர். இறுதியில் அவரே ரொபின்சனை மனமாரப் பாராட்டினார். 1947 ஏப்ரல் 15 ஆம் திகதி ரொபின்சன் புரூக்ளின் சீருடையில் களமிறங்கியபோது அவருக்கு வயது 28.

இந்த இடத்தில் நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மொன்றியலில் கழிந்த அந்த ஓராண்டு யாருக்கான பயிற்சி? ரொபின்சனின் துடுப்புக்கா, அல்லது அவரை ஏற்கத் தயங்கிய சமூகத்தின் மனத்துக்கா? ரோய் கம்பனெல்லாவின் அனுபவம் இக்கேள்விக்கு விடை தருகின்றது. பதினைந்து வயதிலிருந்தே கறுப்பினத்தவரின் தொழில்முறை லீக்கில் ஆடிய அவர், 1946 இல் நியூ ஹம்ப்ஷயரின் நஷுவா நகரிலுள்ள கீழ்ப்படி அணியில் சேர்க்கப்பட்டார். 1948 இல் புரூக்ளின் அணிக்கு வந்தபின்னரும் மீண்டும் கீழே அனுப்பப்பட்டார். ஆற்றல் போதாமையால் அன்று. இன்னொரு லீக்கின் நிறத்தடையை அவரைக் கொண்டு உடைக்க ரிக்கி விரும்பியமையாலேயே. அதே கம்பனெல்லா பின்னர் மூன்று தடவைகள் தமது லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவானார். தனிமனிதரின் பக்குவம் போதாதென்று கூறப்படும் பல சந்தர்ப்பங்களில், உண்மையில் பக்குவமற்றிருப்பது நிறுவனமே.

1950 இல் பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் கழகத்துக்குச் சென்ற ரிக்கி அங்கு தோல்விகளையே அதிகம் கண்டார். 1952 இல் அவ்வணி 112 ஆட்டங்களில் தோற்றது. ஆனால் 1954 நவம்பரில், டொட்ஜர்ஸ் மொன்றியலில் மறைத்து வைத்திருந்த புவர்ட்டோ ரிக்கோ இளைஞர் ரொபேர்ட்டோ கிளெமென்டேயை வெறும் 4,000 டொலருக்கு அவரது கழகம் பெற்றுக்கொண்டது. சில வாரங்களின் பின் அவ்விளைஞரின் ஆட்டத்தை நேரில் கண்ட ரிக்கி எழுதிய குறிப்பு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றது. எறியும் கையையும் அடிக்கும் பாங்கையும் மெச்சிய அவர், 1955 இல் இவரால் மேஜர் லீக்கில் பயனிருக்காது, இன்னும் கீழ்ப்படி அனுபவம் கிடைத்திருந்தால் நன்றாயிருக்கும் என்ற கருத்தை அதில் பதிந்தார். விதிகளின்படி கிளெமென்டேயை மேலணியிலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு அவரது சராசரி .255 மட்டுமே, ரிக்கியின் கணிப்பு பொய்க்கவில்லை. ஆனால் 1972 டிசம்பர் 31 இல், நிக்கரகுவா பூகம்ப நிவாரணப் பொருட்களுடன் சென்ற விமானம் வீழ்ந்து மறையும்போது கிளெமென்டே 3,000 வெற்றிகர அடிகளைப் பெற்றிருந்தார். இன்று தயாரில்லை என்பது என்றுமே தகுதியில்லை என்பதாகாது. ரிக்கியின் குறிப்பும் அவ்வாறு கூறவில்லை. 1960 இல் பிட்ஸ்பேர்க் உலகத்தொடரை வென்றபோது அவ்வணியின் பிரதான வீரர்கள் பலர் அவரது காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே.

1965 நவம்பர் 13 ஆம் திகதி மிசூரி மாநிலத்தில் தமக்கு அளிக்கப்பட்ட கௌரவிப்பு விழாவில் உரையாற்றிக்கொண்டிருக்கையில் ரிக்கி சரிந்து வீழ்ந்தார். டிசம்பர் 9 ஆம் திகதி தமது 83 ஆவது வயதில் காலமானார்.

அவரது சாதனையைப் போற்றும்போது, எவருடைய பார்வையிலும் படாமல் போனவர்களையும் நினைக்காமலிருக்க முடியாது. கறுப்பின லீக்குகளின் ஒப்பற்ற வீரர் ஜோஷ் கிப்சன், ரொபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 1947 ஜனவரியில் தமது 35 ஆவது வயதில் மறைந்தார். 2024 ஆம் ஆண்டு அந்த லீக்குகளின் பதிவுகள் மேஜர் லீக் ஏடுகளில் சேர்க்கப்பட்டபோது, .372 என்ற வாழ்நாள் சராசரியுடன் கிப்சனின் பெயரே பட்டியலின் உச்சிக்கு வந்தது. புள்ளிவிபரத்துக்கு நீதி கிடைக்க 77 ஆண்டுகள் சென்றன. அம்மனிதருக்கோ அது கிடைக்கவேயில்லை.

இளையோரை மதிப்பிடும் பொறுப்பு எவரிடம் உள்ளதோ, அவர்கள் காத்திருக்கச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அதற்கான காரணத்தைத் தமக்குத் தாமே கூறிக்கொள்ள வேண்டும். அக்காரணம் காத்திருப்பவரிடம் உள்ளதா, காத்திருக்கச் சொல்பவரிடம் உள்ளதா என்பதை நேர்மையாகப் பிரித்தறிய வேண்டும். ரிக்கியின் பெருமைகளிலிருந்தும் தவறுகளிலிருந்தும் நாம் பெறும் பாடம் அதுவே.