அறிஞர் வாலசும் ஓராங் ஊத்தானும்

ஜாசின், அசகான் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நமக்கு லேடாங் மலை புதிதன்று. காலையில் வேலைக்குப் புறப்படும்போதும் பள்ளிக்கு நடக்கும்போதும் மஞ்சு மூடிய அதன் முடியைப் பார்த்துக்கொண்டே செல்கிறோம். அம்மலை மீது 1854ஆம் ஆண்டில் ஏறிச் சென்ற அறிஞர் ஒருவரின் வாழ்க்கையை இம்மலரில் காண்போம். அவர்தாம் ஆல்பிரட் ரசல் வாலஸ்.

வாலஸ் 1823ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் அஸ்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பத்தின் பொருள்நிலை குன்றியதால் 14 வயதளவில் அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. அண்ணனுடன் சேர்ந்து நிலம் அளக்கும் தொழிலைச் செய்தார். செடி கொடிகளின்மீதும் வண்டுகளின்மீதும் ஆர்வம் கொண்டு, அவற்றைப் பற்றித் தாமே நூல்களைத் தேடிப் படித்தார். 1848இல் அமேசான் காடுகளுக்குச் சென்று நான்காண்டுகள் பாடுபட்டு உயிரினங்களைச் சேகரித்தார். திரும்பும் வழியில் கப்பல் தீப்பற்றியது. சேகரித்தவற்றுள் பெரும்பகுதி கடலோடு போயிற்று. பத்து நாள் படகில் மிதந்து உயிர் பிழைத்தார். வேறொருவராயின் அதன்பின் வீட்டை விட்டு அசைந்திருக்கமாட்டார். அவரோ 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார்.

அவ்வாண்டு ஜூலையில் மலாக்காவுக்கு வந்து ஏறத்தாழ இரண்டு மாதம் தங்கினார். காய்ச்சல் கண்டு கொயினா மருந்து உண்டார். ஆயர் பானாசில் தங்கிப் பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். பின்னர் மலாய்க்காரர் சிலரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அட்டைக்கடியையும் பொறுத்து லேடாங் மலையின் உச்சியை அடைந்தார். ஆயர் பானாஸ் இன்றும் நம் மாநிலத்தில் இருக்கிறது. அவ்வழியே பேருந்தில் போனவர்கள் நம்முள் பலர்.

வாலஸ் பெரிதும் காண விரும்பியது ஓராங் ஊத்தான் என்னும் மனிதக் குரங்கை. அது போர்னியோ, சுமத்ரா காடுகளில் மட்டுமே வாழ்வது. 1855 மார்ச்சில் சரவாக்கின் சிமுஞ்சோன் என்னும் இடத்திற்குச் சென்றார். அங்கே நிலக்கரிச் சுரங்கம் தோண்டக் காட்டை வெட்டிக்கொண்டிருந்தனர். பூச்சி ஒன்றுக்கு ஒரு காசு தருவதாக அவர் அறிவிக்கவே, தொழிலாளர்கள் வண்டுகளை அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தனர்.

இனி நாம் சொல்லப் போவது மாணவர்களுக்கு வருத்தம் தரக்கூடும். ஆயினும் மறைப்பது முறையன்று. வாலஸ் அம்மனிதக் குரங்குகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். அருங்காட்சியகங்களுக்கு அனுப்பும் தோலும் எலும்புமே அவருக்குப் பிழைப்பு. அக்காலத்தில் அதனைக் குற்றம் என்று எவரும் கருதவில்லை. புதிதாகக் கொல்லப்பட்ட 17 உடல்களை அவர் கவனமாக அளந்தார். மிக உயர்ந்ததும் 4 அடி 2 அங்குலமே இருந்தது. ஆளுயரத்திற்கு மேற்பட்ட குரங்குகள் உண்டு என்று கதை அளந்தோர் வாயை அவ்வளவு அடைத்துவிட்டது.

ஒருநாள் அவர் சுட்ட தாய்க் குரங்கு ஒன்றின் குட்டி சதுப்பில் முகங்குப்புறக் கிடந்தது. ஓரடி நீளமே இருக்கும். தூக்கிச் செல்கையில் அது அவருடைய தாடியை இறுகப் பற்றிக்கொண்டது. பால் கிடைக்காத இடம். ஆகையால் அரிசிக் கஞ்சி நீரைப் புட்டியில் ஊட்டினார். எதையாவது பற்றிக்கொள்ள அது தவித்ததைக் கண்டு, எருமைத் தோலைச் சுருட்டித் தாய்போல் செய்து வைத்தார். குட்டி அதில் பால் தேடி வாய் நிறைய மயிரை விழுங்கித் திணறியதால் அதையும் எடுத்துவிட நேர்ந்தது. ஏறத்தாழ மூன்று மாதம் வளர்த்த பின் அது காய்ச்சலால் இறந்தது. தாயைக் கொன்றவரே குட்டிக்காகக் கலங்கினார். இதனை அவர் ஒளிக்காமல் எழுதியுள்ளார்.

அக்காட்டில் வாலஸ் கண்டு எழுதிய மற்றொரு செய்தி உண்டு. ஓராங் ஊத்தான் உறங்குவதற்கு இரவுதோறும் கிளைகளை முறித்து மடித்து மரத்தில் கூடு அமைக்கிறது என்பதே அது. அன்று அது ஒரு வியப்பான செய்தி மட்டுமே.

இயற்கைத் தேர்வு பற்றிய கருத்தை வாலஸ் தாமே கண்டு டார்வினுக்கு எழுதியதும், இருவர் கட்டுரைகளும் 1858 ஜூலை 1ஆம் நாள் லண்டனில் ஒன்றாகப் படிக்கப்பட்டதும் பலரும் அறிந்தவை. உயிரினங்கள் அழியவிட்டால் வருங்கால மக்கள் நம்மைப் பழிப்பர் என்று 1863இலேயே அவர் எச்சரித்தார். 1869இல் தம் மலாய்த் தீவுகள் பயண நூலை வெளியிட்டு, 1913 நவம்பர் 7ஆம் நாள் தம் 90ஆம் வயதில் காலமானார்.

நிற்க. கூட்டுக்கு வருவோம். பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுப்பதுபோல் மனிதக் குரங்குகளைக் கணக்கெடுக்க முடியாது. அவை தனித்தனியே உயர்ந்த மரங்களில் மறைந்து திரிவன. எனவே ஆய்வாளர்கள் கூடுகளை எண்ணுகின்றனர். நிரை பிடித்து நடப்பதுபோல் காட்டில் நேர்கோட்டில் நடந்து, இருபுறமும் தெரியும் கூடுகளைக் குறிக்கின்றனர். சபாவில் ஹெலிகாப்டரிலிருந்தும் எண்ணியுள்ளனர். கணக்குப் பாடத்தில் வல்ல மாணவர்கள் சற்றுக் கவனிக்க: நாளுக்கொரு கூடு கட்டப்படுகிறது, ஒரு கூடு உதிர 200 நாள் ஆகிறது என்று கொள்வோம். அப்படியானால் 2,000 கூடுகள் உள்ள காட்டில் ஏறத்தாழ 10 குரங்குகள் உண்டு. தாயோடு உறங்கும் குட்டிகளைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வாறு 2002, 2003ஆம் ஆண்டுகளில் எண்ணியபோது சபாவில் ஏறத்தாழ 11,000 இருப்பதாகக் கணித்தனர். பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து மீண்டும் எண்ணினர். பெரிய, பாதுகாக்கப்பட்ட காடுகளில் தொகை நிலைத்திருந்தது. செம்பனைத் தோட்டங்களுக்கிடையே துண்டுபட்ட கீழ்க் கினாபாத்தாங்கானிலோ, 2001இல் ஏறத்தாழ 1,100 ஆக இருந்தவை பின்னர் 800 அளவுக்குக் குறைந்தன. ஒரு தாய் மறு குட்டியை ஈன ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். ஆகவே இழந்த 300ஐ விரைவில் ஈடு செய்ய இயலாது. 2016இல் போர்னியோ ஓராங் ஊத்தான் மிகக் கடுமையாக அழிவை எதிர்நோக்கும் இனமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

தாயிழந்த குட்டிகளுக்குச் சண்டாக்கான் அருகே செப்பிலோக்கில் 1964இல் ஒரு காப்பகம் அமைந்தது. வாலசின் கஞ்சிப் புட்டிக்கு மாறாக அங்கே பாலும் மருந்தும், மரமேறப் பழக்கும் காடும் உண்டு. ஆயினும் காட்டில் எத்தனை எஞ்சியுள்ளன என்பதைக் கூடுகள்தாம் சொல்லவேண்டும். கினாபாத்தாங்கான் பக்கம் காடு போதாமல், செம்பனை மட்டைகளை மடித்துக் கட்டிய கூடுகளையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கின்றனர்.