ஃபார்வர்டாக மலையேறி கோல்கீப்பராக இறங்கியவர்: யார் இந்த பீட்டர் தங்கராஜ்?

வார இறுதியில் இ-பாஸ் எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, அப்புறம் கூடலூர் சுற்றி மசினகுடி என்று வண்டியை விடுபவர்கள் எல்லோரும் ஓர் இடத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் நடுவில் இருக்கும் வெலிங்டன். ராணுவ வளாகம், சுத்தமான ரோடு, கொஞ்சம் குளிர். அதற்குமேல் யாரும் அங்கே வண்டியை நிறுத்திப் பார்ப்பதில்லை. ஆனால், ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கிய பீட்டர் தங்கராஜ் ராணுவ அணியின் சட்டையைப் போட்டது இந்த ஊரில்தான். அதுவும், முதலில் கோல்கீப்பராக இல்லை!

1935 டிசம்பர் 24-ல் ஹைதராபாத் சமஸ்தானத்தில் பிறந்தவர் தங்கராஜ். தமிழ்ப் பெயரோடு ஹைதராபாத்தா என்று யோசிக்க வேண்டாம். பக்கத்து செகந்திராபாத் பிரிட்டிஷ் காலத்து ராணுவ ஊர். தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பின்னாளில் இந்திய அணியில் இவரோடு ஆடிய துளசிதாஸ் பலராமும் அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்தான். தெருவுக்குத் தெரு ஃபுட்பால் ஓடிய காலம் அது. மார்னிங் ஸ்டார், ஃபிரண்ட்ஸ் யூனியன் என்ற உள்ளூர் கிளப்களில் ஆடிப் பழகினார் தங்கராஜ்.

1953-ல் ராணுவத்தில் சேர்ந்தார். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் வெலிங்டனில். இந்த ரெஜிமெண்ட் வீரர்களை ராணுவத்தில் செல்லமாக 'தம்பி' என்றே கூப்பிடுவார்கள். அந்தத் தம்பிகளின் ஃபுட்பால் அணியும் சாதாரணமானது இல்லை. நாட்டின் மிகப் பழைய போட்டியான டுராண்ட் கோப்பையில் கல்கத்தாவின் பெரிய கிளப்களும் ஹைதராபாத் போலீஸும் ஆதிக்கம் செலுத்திய காலத்தில், 1955-லும் 1958-லும் கோப்பையைத் தூக்கியது மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர். முதல் முறை விமானப் படையை 3-2 என்றும், இரண்டாவது முறை கூர்க்கா பிரிகேடை 2-0 என்றும் ஜெயித்தார்கள். இரண்டு வெற்றியிலும் தங்கராஜுக்குப் பங்கு உண்டு.

இந்த அணிக்குள் அவர் வந்தது சென்டர் ஃபார்வர்டாக. கோல் அடிக்கிற ஆள். கொஞ்ச காலத்திலேயே எதிர்முனைக்கு, கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றார்.

ஃபுட்பால் பார்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும். ஃபார்வர்ட் ஐந்து வாய்ப்பை வீணடித்து ஆறாவதை அடித்தால் ஹீரோ. கோல்கீப்பர் ஐந்தைத் தடுத்து ஆறாவதை விட்டால், விட்டது மட்டும்தான் பேச்சு. ஸ்பெயினில் லீக்கில் அதிக கோல் அடிப்பவருக்கு பழைய பில்பாவ் ஃபார்வர்ட் பிச்சிச்சியின் பெயரில் விருது உண்டு. சிறந்த கோல்கீப்பருக்கு ரிக்கார்டோ சமோராவின் பெயரில் இன்னொன்று. இரண்டையும் தருவது 'மார்க்கா' என்ற விளையாட்டுப் பத்திரிகை. நம் ஊரில் அன்றைக்கு கோல்கீப்பருக்கு அப்படி ஒரு மரியாதை இல்லை.

ஆனாலும் அந்த மாற்றம் தங்கராஜுக்குக் கைகொடுத்தது. ஆறடிக்கு மேல் உயரம், நீளமான கை. உயரத்தில் வரும் பந்துக்கு அவரோடு போட்டி போடுவது அன்றைய ஃபார்வர்ட்களுக்குக் கஷ்டம். ஃபார்வர்ட் எந்த நொடியில் அடிப்பான் என்பது இன்னொரு பழைய ஃபார்வர்டுக்குத் தெரியாமல் இருக்குமா? 1955-ல் டாக்காவில் நடந்த நாற்கரப் போட்டியிலேயே இந்திய அணிக்குள் வந்துவிட்டார். ராணுவத்தில் சேர்ந்து இரண்டே வருஷம்!

அடுத்த வருஷம் மெல்போர்ன் ஒலிம்பிக். எஸ்.எஸ். நாராயணனும் 20 வயது தங்கராஜும் அணியின் இரண்டு கோல்கீப்பர்கள். இந்தியா 4-வது இடம் பிடித்த ஒலிம்பிக் அது. இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசினால், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் அடித்த ஃபார்வர்ட் நெவில் டிசோசா பெயர்தான் முதலில் வரும். அது நியாயமும்கூட.

1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்வானார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 1-2, பிரான்ஸுடன் 1-1, பெருவிடம் 1-3. புள்ளிப் பட்டியலில் கடைசி என்றாலும், வெண்கலம் வென்ற ஹங்கேரியிடம் ஒரு கோல் வித்தியாசத்தில்தான் தோற்றது இந்தியா. அதே 1960-ம் ஆண்டு சந்தோஷ் டிராபியை சர்வீசஸ் அணி வென்றபோது கேப்டன் தங்கராஜ்.

பிறகு ஜகார்த்தா. 1962 ஆசிய விளையாட்டுப் போட்டி. 'மைதான்' படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்ற இந்தியா, தாய்லாந்து, ஜப்பான், தென் வியட்நாம் என்று ஒவ்வொருவரையும் தாண்டி செப்டம்பர் 4-ம் தேதி இறுதி ஆட்டத்தில் அதே கொரியாவைச் சந்தித்தது. தைவான், இஸ்ரேல் நாடுகளுக்கு அனுமதி மறுத்ததை இந்திய நிர்வாகி ஜி.டி. சோந்தி எதிர்த்திருந்ததால், மைதானத்தில் இருந்த கூட்டம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது.

அரையிறுதியில் கோலில் நின்றவர் பிரத்யுத் பர்மன். இறுதி ஆட்டத்துக்கு பயிற்சியாளர் ரஹீம் இறக்கியது, காய்ச்சலில் படுத்து எழுந்திருந்த தங்கராஜை. தலையில் தையல் போட்டிருந்த டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை சென்டர் ஃபார்வர்டாக விட்டார். அதாவது, ஒரு டிஃபெண்டர் கோல் அடிக்கப் போனார், ஒரு பழைய ஃபார்வர்ட் கோலைத் தடுக்க நின்றார்! 17-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி, 20-வது நிமிடத்தில் ஜர்னைல். அதன்பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கொரியாவுக்குக் கதவு திறக்கவில்லை. கடைசி நிமிடங்களில் ஒன்று விழுந்தது. 2-1, தங்கம். ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் இந்தியா அதன்பிறகு தங்கம் வாங்கவே இல்லை.

பேட்டிகளிலும் படங்களிலும் அதிகம் சொல்லப்படுவது அந்த இரண்டு கோல்கள்தான்.

ராணுவத்தை விட்ட பிறகு கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய கிளப்களுக்கும் ஆடினார். அந்த ஊரில் கிளப் மாறுவது சாதாரண விஷயம் இல்லை. மூன்று பக்க ரசிகர்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்த இந்திய அணியிலும், 1966 பாங்காக் ஆசிய விளையாட்டிலும் இருந்தார். 1967-ல் அர்ஜுனா விருது. 1971-ல் ஓய்வு.

அப்புறம் பயிற்சியாளராக இருந்தார். கடைசிக் காலம் ஜார்க்கண்டின் இரும்பாலை நகரமான போகாரோவில். 2008 நவம்பர் 24-ல் மாரடைப்பால் காலமானார். 73-வது பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது.