கேற் ஷெப்பேட் அம்மையார்

தன்னாட்சி பெற்ற நாடுகளுள் மாதர்க்குப் பாராளுமன்ற வாக்குரிமையை முதன்முதல் வழங்கியது நியூசீலாந்து. 1893ஆம் ஆண்டு நிகழ்ந்த அப்பெருஞ் செயலுக்கு முன்னின்று உழைத்தவர் கேற் ஷெப்பேட் அம்மையார்.

அம்மையார் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிற் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்தார். 1869இல் தாயாருடன் கப்பலேறி லிற்றில்ரன் துறைமுகத்தில் வந்திறங்கி, அயலிலுள்ள கிறைஸ்ட்சேர்ச் நகரிலே குடியமர்ந்தார். 1871இல் வோல்ற்றர் ஷெப்பேட் என்பவரை மணந்தார்.

1885இல் அந்நாட்டிலே கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கம் தோன்றியது. சிறுவருக்கு மது விற்பதைத் தடுக்குமாறு சங்கத்தார் விடுத்த மகஜரைப் பாராளுமன்றம் புறக்கணித்தது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் முன்னோர் வாக்கு. வாக்குரிமை அற்றவர் சொல்லும் ஏறாது என்பதைச் சங்க மாதர் கண்டுகொண்டனர். 1887இல் சங்கத்தின் வாக்குரிமைப் பகுதியை அம்மையார் பொறுப்பேற்றார்.

அன்று தொட்டுத் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார், கூட்டங்களிற் பேசினார், ஊர்தோறும் கடிதங்கள் விடுத்தார். மாதர் வீடு வீடாகச் சென்று கையொப்பம் திரட்டினர். 1891இல் 9,000 பேருக்கு மேல் ஒப்பமிட்டனர். 1892இல் ஏறக்குறைய 20,000 பேர். இருமுறையும் கீழ்ச்சபை இணங்கியும் மேற்சபையிலே முயற்சி முறிந்தது. மதுவணிகரும் எதிர்த்து நின்றனர். அம்மையார் சோர்ந்தாரல்லர். 1893இல் ஒப்பமிட்டோர் ஏறக்குறைய 32,000 பேர். வந்து குவிந்த தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு தடியிலே பாய்போற் சுருட்டி அனுப்பினார். சபையிலே சேர் ஜோன் ஹோல் அதனை உருட்டிவிட, அது நடைபாதை நெடுக விரிந்து சென்றது.

மேற்சபையில் மசோதாவைத் தோற்கடிக்க எண்ணிய பிரதமர் செடன், உறுப்பினர் ஒருவரின் வாக்கைத் தந்தி அனுப்பி மாற்றினார். இத்தலையீட்டினால் வெகுண்ட எதிர்ப்பாளர் இருவர் ஆதரவாக வாக்களிக்கவே, 20க்கு 18 என மசோதா நிறைவேறியது. செப்டெம்பர் 19ஆந் திகதி அது சட்டமாயிற்று. மயோரிப் பெண்களுக்கும் அவ்வுரிமை கிடைத்தது. நவம்பர் 28ஆந் திகதி நடந்த தேர்தலில் ஏறக்குறைய 90,000 பெண்கள் வாக்களித்தனர்.

இருவரின் கோபத்தால் வந்த வெற்றி இதுவெனச் சிலர் கூறக்கூடும். ஆனால், ஆண்டுதோறும் படியேறி இறங்கிப் பெயர் திரட்டியவர்கள் இல்லையேல், அன்று வாக்கெடுப்பதற்கு மசோதாவே இருந்திராது.

பெண்கள் பாராளுமன்றத் தேர்தலில் போட்டியிடும் உரிமை 1919இலேதான் கிடைத்தது. 1933இல் எலிசபெத் மக்கோம்ஸ் அந்நாட்டின் முதற் பெண் உறுப்பினராகத் தெரிவானார். அவரைத் தெரிந்தெடுத்தது, அம்மையார் அன்று வந்திறங்கிய அதே லிற்றில்ரன் தொகுதி. அதனையும் கண்டபின், 1934 ஜூலை 13ஆந் திகதி அம்மையார் மறைந்தார்.

இளைஞர்களே, வாக்குச்சீட்டை ஒரு துண்டுக் காகிதமென்று எளிதாக எண்ணாதீர்கள்.