ஸ்கூபாவைத் தந்தவர், சொந்த மகன் மீதே வழக்குப் போட்டது ஏன்? - யார் இந்த ஜாக் கூஸ்டோ?

ஃபிஜி நாட்டில் வனுவா லெவு என்றொரு தீவு. தென்னை மரங்கள், ஓலைக்கூரை அறைகள், அடி தெரியும் அளவுக்குத் தெளிந்த கடல். 1990-களின் நடுவில் அங்கே ஒரு ரிசார்ட் வந்தது. அதன் பெயரில் 'கூஸ்டோ' இருந்தது. தொடங்கியவர் ஜான்-மிஷேல் கூஸ்டோ. அந்தப் பெயரை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று வழக்குப் போட்டவர் வேறு யாருமில்லை, அவருடைய அப்பா ஜாக் கூஸ்டோ!

எண்பது வயதைத் தாண்டிய ஒருவர், பெயருக்காக மகனையே கோர்ட்டுக்கு இழுத்தார் என்றால் அந்தப் பெயரில் அப்படி என்னதான் இருக்கு? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கலாம்.

விபத்து கொண்டுபோய் விட்ட இடம்

1910 ஜூன் 11-ம் தேதி பிரான்ஸில் பிறந்தவர் கூஸ்டோ. கடற்படையில் சேர்ந்தாலும் அவருக்கு விமானி ஆகத்தான் ஆசை. 1936-ல் நடந்த கார் விபத்து அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. கைகள் மோசமாக உடைந்தன. பலம் திரும்ப மத்தியதரைக் கடலில் நீந்தினார். நண்பர் ஒருவர் கொடுத்த நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்தவர், அதன் பிறகு கடலை விடவே இல்லை.

அக்வாலங் எப்படி வேலை செய்கிறது?

அந்தக் காலத்தில் ஆழத்துக்குப் போக கனமான ஹெல்மெட்டும் மேலிருந்து காற்று வரும் குழாயும் வேண்டும். குழாய் எட்டும் தூரம்தான் எல்லை. முதுகில் சிலிண்டர் கட்டிக்கொள்ளும் கருவிகளும் இருந்தன. ஆனா, அவற்றில் காற்று வீணாகிக்கொண்டே இருக்கும்.

சிக்கல் இதுதான்: 10 மீட்டர் கீழே போனாலே நம் உடல் மீதான அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். வரும் காற்றும் அதே அழுத்தத்தில் இருந்தால்தான் நுரையீரலால் அதை இழுக்க முடியும்.

கூஸ்டோவின் மனைவி சிமோன். அவருடைய அப்பா, ஏர் லிக்விட் என்ற வாயு நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தார். அந்தத் தொடர்பில் கிடைத்தவர்தான் பொறியாளர் எமில் கன்யான். போர்க்காலம், பெட்ரோல் தட்டுப்பாடு. கார்களை வாயுவில் ஓட்ட ஒரு வால்வு செய்திருந்தார் கன்யான். அதையே மாற்றி, 1943-ல் இருவரும் உருவாக்கியதுதான் அக்வாலங். மூச்சை இழுத்தால் மட்டும் காற்று வரும். அதுவும் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாக வரும். இன்றைய ஸ்கூபா ரெகுலேட்டருக்கு அடிப்படை இதே தத்துவம்தான்.

புகழைத் தந்த படம், தலைகுனிய வைத்த படம்

1950-ல் பழைய கண்ணிவெடி அகற்றும் கப்பல் ஒன்று அவருக்குக் கிடைத்தது. பெயர் கலிப்ஸோ. வருட வாடகை ஒரே ஒரு ஃபிராங்க்! அதில் சுற்றி, லூயி மாலுடன் சேர்ந்து எடுத்த 'த சைலன்ட் வேர்ல்டு' 1956-ல் கான் விழாவின் உயரிய விருதை வென்றது. ஆஸ்கரும் கிடைத்தது.

இன்று அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் அதிர்ந்துபோவார்கள். மீன்களைக் கணக்கெடுக்க பவளப்பாறையில் வெடி வைக்கிறார்கள். கப்பலில் அடிபட்ட திமிங்கலக் குட்டியைத் தின்ன வந்த சுறாக்களை மேலே இழுத்துப்போட்டு அடித்தே கொல்கிறார்கள். இவ்வளவுக்கும் அது அப்போது கொண்டாடப்பட்ட படம். 1950-களில் பாரசீக வளைகுடாவில் எண்ணெய் தேடும் நிறுவனத்துக்காகவும் கலிப்ஸோ வேலை செய்தது.

மாறிய மனிதர்

தான் இறங்கிய இடங்களுக்கே திரும்பத் திரும்பப் போனவர் கூஸ்டோ. மீன்கள் குறைவதையும், கடல் குப்பைத்தொட்டியாவதையும் நேரில் பார்த்தார். 1960-ல் மத்தியதரைக் கடலில் அணுக்கழிவு கொட்டும் திட்டத்தை எதிர்த்தார். 1973-ல் கடல் பாதுகாப்புக்காக கூஸ்டோ சொசைட்டியைத் தொடங்கினார். அன்டார்டிகாவில் சுரங்கம் தோண்டக் கூடாது என்று அவர் நடத்திய பிரசாரத்துக்குப் பெரிய ஆதரவு திரண்டது; 1991-ல் அதற்குத் தடை விதிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

வீட்டுக்குள் இழப்புகள். 1979-ல் இளைய மகன் ஃபிலிப் லிஸ்பன் அருகே விமான விபத்தில் இறந்தார். அப்பாவுக்குத் துணையாக வந்து நின்றவர் மூத்த மகன் ஜான்-மிஷேல்தான். ஆனா, அந்த உறவும் 1990-களில் விரிசல் கண்டது. சிமோன் 1990-ல் காலமான பின், ஏற்கெனவே இரு பிள்ளைகளுக்குத் தாயாகியிருந்த ஃபிரான்சீனைக் கூஸ்டோ மணந்தார்.

வழக்கு என்ன ஆச்சு?

லாபம் பார்க்காத கடல் பாதுகாப்பு அமைப்பின் அடையாளம்தான் 'கூஸ்டோ' என்ற பெயர். லாபத்துக்கு நடக்கும் ரிசார்ட்டில் அது இருந்தால் மக்கள் குழம்புவார்கள் என்பது அப்பா தரப்பு வாதம். மகனுக்கோ அது பிறந்ததிலிருந்து இருக்கும் சொந்தப் பெயர். கடைசியில், குழப்பம் வராதபடி 'ஜான்-மிஷேல்' என்பதையும் சேர்த்து முழுப்பெயராக ரிசார்ட்டுக்கு வைக்கப்பட்டது.

1996 ஜனவரியில் சிங்கப்பூரில் படகு மோதி கலிப்ஸோ மூழ்கியது. பிறகு மீட்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 25-ல், 87 வயதில் கூஸ்டோ பாரிஸில் காலமானார்.

இன்று எந்தத் தீவு ரிசார்ட்டில் டைவிங் போனாலும், இறங்கும் முன் பயிற்சியாளர் சொல்வது, பவளத்தைத் தொடாதீங்க. வெடி வைத்த காலத்தில் தொடங்கி, அந்த அக்கறை வரைக்கும் வந்து சேர்ந்த வாழ்க்கை கூஸ்டோவுடையது.