தங்கையைப் பறிகொடுத்தார், அடையாறில் மருத்துவமனை கட்டினார்: யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி?

மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பெயராகத்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பலருக்குத் தெரியும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானதும் அவரால்தான்.

புதுக்கோட்டைப் பெண்

திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30-ல் பிறந்தார். பையன்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில், எதிர்ப்பை மீறி மன்னரின் அனுமதியோடு சேர்ந்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

திருப்பம்

1923-ல் தங்கை சுந்தராம்பாள் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்றே நினைத்து வைத்தியம் பார்த்திருந்தார்கள். உண்மை தெரிந்தபோது ரொம்பத் தாமதம். வீட்டிலேயே டாக்டர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வலியோடு லண்டன் போனவர், அங்கே புற்றுநோய் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார்.

ஊர் திரும்பியதும் சென்னை சட்ட மேலவை உறுப்பினர், துணைத் தலைவர், தேவதாசி முறை ஒழிப்புப் போராட்டம் என வேலைகள் குவிந்தன. ஆனாலும் மருத்துவமனைக் கனவை விடவில்லை. எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்ற மனநிலையோடு மோத வேண்டியிருந்தது. நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் வெறும் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். 1968 ஜூலை 22-ல் முத்துலட்சுமி மறைந்தார்.

இன்றும் அதே சிக்கல்

தங்கைக்கு நடந்ததுபோல, அறிகுறியை வேறு ஏதோ என்று நினைத்துவிடுவது இப்போதும் நடக்கிறது. பித்தப்பைப் புற்றுநோய் அதற்கு நல்ல உதாரணம். அதன் வலியை வாயுத்தொல்லை என்றோ, வெறும் பித்தப்பைக் கல் என்றோ நினைத்து நாளைக் கடத்துகிறோம்.

எந்தச் சிகிச்சை என்பதை நோயின் கட்டம்தான் முடிவு செய்யும்:

• ஆரம்பக் கட்டம்: அறுவை சிகிச்சையில் குணமாக வாய்ப்பு அதிகம். தேவைப்பட்டால் பித்தப்பையோடு அதை ஒட்டிய கல்லீரல் பகுதி, நிணநீர்க் கணுக்களையும் அகற்றுவார்கள்.

• பரவிய பிறகு: ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள். சிலருக்கு இம்யூனோதெரபியும் சேரும்.

• பித்தநாளம் அடைத்து மஞ்சள்காமாலை வந்தால்: ஸ்டென்ட் வைத்து வழி திறப்பார்கள்.

வலது மேல்வயிற்று வலி நீடித்தாலோ, மஞ்சள்காமாலை வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ கைவைத்தியத்தோடு நிறுத்தாதீர்கள். டாக்டரைப் பாருங்கள், பெரும்பாலும் வயிற்று ஸ்கேனில் இருந்துதான் பரிசோதனை தொடங்கும். சுந்தராம்பாளுக்குக் கிடைக்காத நேரம் நமக்குக் கிடைக்கலாம்.