பல்லாவரத்திலிருந்து வந்த இதழ்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் மூன்றாவதாக வரும் நிலையம் பல்லாவரம். நாள்தோறும் அவ்வழியே வந்து செல்லும் நம் மாணவருள் பலர், ஒரு கழகமும் அதன் இதழும் தமிழ் வழங்கும் ஊர்களுக்கெல்லாம் அங்கிருந்தே சென்றன என்பதை அறியார். அவ்விரண்டையும் நடத்தியவர் மறைமலையடிகள்.

நாகப்பட்டினத்தில் 1876ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் பிறந்த அடிகளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். பதினாறு வயதிலேயே நண்பரைக் கூட்டி ஒரு சங்கம் கண்டார். முருகவேள் என்னும் புனைபெயரில் நாகை நீலலோசனி இதழில் எழுதினார். பின்னர்ச் சித்தாந்த தீபிகையின் தமிழ்ப் பதிப்புக்குச் சிறிது காலம் ஆசிரியராக இருந்தார். சங்கம் ஒரு கை, இதழ் மறு கை என்னும் அமைப்பு இளமையிலேயே அவரிடம் படிந்துவிட்டது எனலாம்.

1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். இன்று தாம்பரத்தில் காட்டினிடையே விளங்கும் அக்கல்லூரி 1937இல்தான் அங்குக் குடிபெயர்ந்தது; அடிகள் பணியாற்றிய காலத்தில் அது சென்னை நகருக்குள் இருந்தது. அங்கு ஆசிரியராயிருந்தபோதே, 1902இல், ஞானசாகரம் என்னும் திங்களிதழைத் தொடங்கினார். பல்கலைக்கழகப் பாடத்திட்ட மாற்றத்தால் தமிழ் கட்டாயப் பாடமாக இல்லாதொழிந்தபோது 1911இல் கல்லூரியை விட்டு நீங்கிப் பல்லாவரத்தில் குடியேறினார், துறவு பூண்டார், சமரச சன்மார்க்க நிலையத்தை நிறுவினார்.

இவ்விடத்தில் சற்றே நிற்போம். ஒரு கழகத்துக்குக் கட்டடம் இருக்கலாம். ஆயினும் உறுப்பினர் யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலியிலும் இருப்பாராயின், அவர்கள் ஒருவரையொருவர் எங்கே காண்பது? ஆண்டுக்கொரு விழாவுக்கு வருவோர் சிலரே. ஏனையோர்க்குக் கழகம் என்பது அஞ்சற்காரர் கொணரும் அவ்விதழ்தான். அடிகள் இதனை நன்குணர்ந்திருந்தார். ஆதலின் வெறும் அறிவிப்புத் தாளாக இதழை நடத்தினாரில்லை. சங்கநூல் ஆராய்ச்சியும் சமயக் கட்டுரையும் அதில் வந்தன. கோகிலாம்பாள் கடிதங்கள் என்னும் புதினம் அதில் பகுதி பகுதியாக வெளிவந்து 1921இல் நூலாயிற்று. கதைக்காகக் காத்திருந்தவரும் கொள்கையை வாசித்தார். பல்லாவரத்திலேயே திருமுருகன் அச்சுக்கூடத்தையும் அமைத்துக்கொண்டமையால், எழுதும் கையும் அச்சிடும் பொறியும் ஓரிடத்தில் இருந்தன.

1916இல் நிகழ்ந்தது யாவரும் அறிந்தது. இராமலிங்க அடிகளின் பாடலொன்றில் தேகம் என்னும் சொல்லுக்கு மாற்றாக யாக்கை நின்றிருப்பின் ஓசை இன்னும் இனிதாகுமே என்று மகள் நீலாம்பிகையாரிடம் கூறியதிலிருந்து தனித்தமிழ் உறுதி பிறந்தது. வேதாசலம் மறைமலையாயினார். சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகமாயிற்று. ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. கொள்கை என்ன என்று விளக்கும் முன்னரே இதழின் முகப்பு அதனைச் சொல்லிவிட்டது. (தனித்தமிழை முற்றும் கைக்கொள்ள நம்மால் இயலவில்லை. நம் வீட்டில் அன்றாடம் புழங்கும் அரபுச் சொற்களை விட்டால் பாதிப் பேச்சு நின்றுவிடும். எனினும் எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு சொல்லுக்கு மாற்று உண்டா என்று தேடும் பழக்கம் அடிகளால் வந்ததே.)

குறையையும் மறைத்தற்கில்லை. திங்கள்தோறும் வரவேண்டிய இதழ் பலகால் காலந்தாழ்ந்தே வந்தது. ஆசிரியர், கட்டுரையாளர், மெய்ப்புத் திருத்துவோர் எல்லாம் ஏறக்குறைய ஒருவரே. அவரோ சொற்பொழிவுக்காக ஊரூராகச் சென்றார். 1914, 1917, 1921 ஆகிய ஆண்டுகளில் இலங்கைக்கும் சென்றார். அவர் வண்டியேறினால் இதழ் நின்றது. ஆங்கிலம் அறிந்தோர்க்காக 1908இல் ஓர் இதழும், 1935இல் மற்றோர் இதழும் தொடங்கினார். அவையும் நெடிது வாழவில்லை. நாம் முன்னர்ப் பணியாற்றிய ஓரிடத்தில் துறைச் செய்திமடல் மூன்று இதழோடு நின்றதை இங்கு நினைத்துக்கொள்கிறோம். அங்கும் எழுதியவர் ஒருவரே. அவர் மாற்றலாகிச் சென்றார். பொருள்முடை மட்டுமே இதழ்களைக் கொல்கிறது என்பதை நாம் ஒப்புவதில்லை. அடுத்து எழுதுபவர் யார் என்னும் கேள்விக்கு விடையில்லாமையே பெரும்பாலும் கொல்கிறது. இளைஞர் இருவரை அருகிருத்திப் பழக்கியிருந்தால் அறிவுக்கடல் அவருக்குப் பின்னும் வந்திருக்கக்கூடும் என்பது நம் கருத்து.

1931இல் நடந்த பொதுநிலைக் கழக விழாவில் சாதி வேற்றுமையின்றிக் கோயிலில் வழிபடும் உரிமைக்கும் கைம்பெண் மணத்துக்கும் ஆதரவாகத் தீர்மானங்கள் நிறைவேறின. அன்றைய நிலையில் ஒரு துறவியின் கழகம் இவற்றைச் சொல்லத் துணிந்தது சிறிய செய்தியன்று.

1950 செப்டம்பர் 15ஆம் நாள் அடிகள் மறைந்தார். அவர் தம் வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்த நூல்களைக் கொண்டு 1958இல் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையம் திறக்கப்பெற்றது. பின்னாளில் அது கன்னிமாரா நூலகக் கட்டடத்துக்கு மாற்றப்பெற்றது. நம் முதுகலை மாணவர் எழும்பூரில் இறங்கினால் நடந்தே சென்று அந்நூல்களைக் காணலாம்.