மாட்டை வித்த காசோடு ஓடிப்போனவர்... ஹூண்டாயை உருவாக்கிய சுங் ஜு-யுங் யார்?

தாம்பரம் ஜிஎஸ்டி ரோட்டில் அஞ்சு நிமிஷம் நின்னா போதும், ஒரு ஹூண்டாய் கார் கண்ணில் பட்டுவிடும். அந்த நிறுவனத்தை உருவாக்கியவர் சுங் ஜு-யுங்.

1915-ல் இன்றைய வட கொரியாவில் ஏழை விவசாயி வீட்டில் மூத்த மகனாகப் பிறந்தார். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி. வயல் வேலை வேண்டாம்னு நாலு முறை வீட்டை விட்டு ஓடினார். அதில் ஒரு முறை எடுத்துட்டுப் போனது, அப்பா மாட்டை வித்து வெச்சிருந்த பணம்.

சியோலில் அரிசிக் கடையில் டெலிவரி வேலை. பிறகு அந்தக் கடையையே நடத்தினார். 1940-ல் கடன் வாங்கி மெக்கானிக் ஷெட் எடுத்தார். கொஞ்ச நாளிலேயே அது தீயில் எரிந்தது. கடன் கொடுத்தவரிடமே மறுபடியும் போய்க் கேட்டார். கிடைத்தது!

1947-ல் ஹூண்டாய் கட்டுமான நிறுவனம். 1967-ல் கார் கம்பெனி. 1975-ல் கொரியாவின் முதல் சொந்த மாடல் 'போனி' தயாரானது.

1996-ல் ஹூண்டாய் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஶ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ அறிமுகம். கூடவே உதிரிபாக கம்பெனிகளும் வந்தன. ஐடிஐ, டிப்ளமோ முடித்த நம்ம ஊர்ப் பசங்களுக்கு வேலைக் கதவு திறந்தது.

அதே 1998-ல், 82 வயது சுங், லாரிகளில் மாடுகளோடு எல்லை தாண்டி வட கொரியா போனார். ஜூனில் 500, அக்டோபரில் 501. அப்பா அப்போது உயிரோடு இல்லை. பஞ்சத்தில் தவித்த சொந்த மண்ணுக்கு, அந்த ஒரு மாட்டுக் கடனை வட்டியோடு அடைத்தார்.

2001 மார்ச்சில் காலமானார்.